பதினொரு பேரும் விட்ட ஒரே பிழை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மன்னாரில் நடந்தது இது. வேலை செய்துகொண்டே பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்கான வார இறுதி வகுப்பு ஒன்றில் நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் பாடசாலை வேலை. சனிக்கிழமை விடிய எழும்பி பஸ் ஏறினால், பூநகரி, இலுப்பைக்கடவை எல்லாம் கடந்து மன்னாரில் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

அந்த ஆண்டுதான் வகுப்பை நடத்தும் நிலையத்தில் கற்பிக்கும் முறையை மாற்றினார்கள். இனி வகுப்பில் நின்று விரிவுரை செய்யக் கூடாது. பாடத்தை வீடியோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பு நேரம் கலந்துரையாடலுக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கோ அது இன்னொரு சுமை. பின்னேரம் பாடசாலை முடிந்து வந்து, சத்தம் விழக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் புத்தகங்களில் சாய்த்து வைத்து, வேர்க்க வேர்க்கப் பேசுவேன். முடிந்ததும் அனுப்பிவிடுவேன். ஒன்றையாவது திரும்பப் போட்டுப் பார்த்தது கிடையாது.

கலந்துரையாடலும் நடக்கவில்லை. நான் ஏதாவது கேட்டால் பதினான்கு பேரும் குனிந்து மேசையைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக் களைத்துப்போனேன்.

அப்போதுதான் வீட்டில் செய்து தர வேண்டிய முதலாவது ஒப்படை வந்தது. பெரிய தொகுதி ஒன்றிலிருந்து எடுத்த பத்துத் தரவுகளை மாதிரியாகக் கொடுத்து, அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலைக் காணச் சொல்லியிருந்தேன். மாதிரி என்றால் கடைசியில் பத்தால் வகுக்கக் கூடாது. ஒன்றைக் குறைத்து ஒன்பதால் வகுக்க வேண்டும். பதினொரு பேர் பத்தால் வகுத்திருந்தார்கள். அது மட்டுமல்ல, பதினொரு பேரும் பக்கத்தில் ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள்: "எத்தனை தரவோ அத்தனையால் வகுத்தால் போதும்."

ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குள் போனதும் தாள்களை மேசையில் போட்டேன். பதினொரு பேருக்கும் பூச்சியம் என்றேன். நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன், பரீட்சைக்கு இருக்க முடியாமல் போகும் என்றும் சொன்னேன். வளர்ந்த மனிதர்கள் அவர்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவர்களைக் களவெடுத்தவர்கள் போல நிற்க வைத்துப் பேசினேன்.

முசலிப் பக்கத்திலிருந்து வரும் முன்பள்ளி ஆசிரியை ஒருவர் மெல்ல எழும்பினார். அதுவரை அவருடைய குரலையே நான் கேட்டதில்லை.

"மிஸ், கோபிக்காதீங்கோ. நாங்கள் ஆரையும் பார்த்து எழுதேல்ல. உங்கட வீடியோவில அப்பிடித்தான் இருக்கு."

"இருக்காது," என்றேன்.

அவர் போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான இடத்தை அழுத்தினார். பிறகு வகுப்பு முழுக்க என் குரல் கேட்டது. களைத்த, அவசரமான குரல். "எத்தனை தரவோ அத்தனையால் வகுத்தால் போதும். சரி, அடுத்தது..."

காதெல்லாம் சுட்டது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் கூடச் சுட்டது. அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்து, புத்தகத்தில் சரியாகத்தானே இருக்கிறது, பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பார்த்தனாங்கள் மிஸ். அதில வேற மாதிரி இருந்தது. புத்தகம் பழசு, நீங்கள் புது முறை சொல்லித் தாறீங்கள் எண்டு நினைச்சனாங்கள்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "முந்தி மாதிரி வகுப்பில எண்டா கையை உயர்த்திக் கேட்டிருப்பம். இப்ப வகுப்பிலயும் நீங்கள்தான் கேள்வி கேக்கிறீங்கள். வீடியோவிட்ட எப்பிடி மிஸ் கேக்கிறது?"

சரியாகச் செய்த மூன்று பேரில் ஒருவர் விடத்தல்தீவுக்காரர், நண்டு வாங்கி அனுப்பும் இடத்தில் வேலை. வீடியோவைத் திறந்ததாகப் பதிவில் காட்டவில்லை என்று அவருக்கு நான் ஐந்து புள்ளி குறைத்திருந்தேன். "எனக்கு வீடியோ இறங்கேல்ல மிஸ். அதால புத்தகத்தைப் பார்த்துச் செய்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் அவர், உண்மையாகவே. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் விட, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கண் கலங்க.

முன்வரிசைக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பூச்சியங்களை அவர்கள் முன்னாலேயே வெட்டினேன். அப்போது அந்த ஆசிரியை கேட்டார்: "அப்ப ஏன் மிஸ் ஒண்டைக் குறைக்க வேணும்?"

இத்தனை வருடம் படிப்பித்தவள், சூத்திரம் அப்படித்தான் என்பதைத் தவிர வேறு பதிலை நான் யோசித்ததேயில்லை. "தெரியேல்ல, சேர்ந்து யோசிப்பம்," என்றேன். பலகையில் எழுதி அழித்து, எழுதி அழித்து அரை மணித்தியாலம் போனது. கடைசியில் விடத்தல்தீவுக்காரர்தான் சொன்னார்: "பத்து நண்டுக் கூடையின்ர சராசரி நிறை தெரியும். ஒன்பது கூடையின்ர நிறையும் தெரியும். அப்ப பத்தாவதை நிறுக்கத் தேவையில்லைத்தானே மிஸ்? அது தானா வந்திடும். புதுசாச் செய்தி சொல்லுறது ஒன்பதுதானே?"

அந்த வீடியோ முறை தொடங்கியபின் நடந்த முதல் கலந்துரையாடல் அதுதான்.

வீடியோவை நான் கைவிடவில்லை, விடவும் முடியாது. ஆனால் இப்போது ஒவ்வொரு வகுப்பின் முதல் அரை மணித்தியாலமும், வீடியோவில் எங்கே ஐமிச்சம் வந்தது, எது விளங்கவில்லை என்று அவர்கள் என்னைக் கேட்பதற்கு. களைப்பும் குறையவில்லை. பயணம் அதே பயணம்தான். களைத்த மனிசி பிழை விடுவது இயல்பு என்று என்னை நான் மன்னித்துவிட்டேன். அந்தப் பிழையை நம்பி எழுதியவர்களைக் கள்ளர் என்று நினைத்த அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.