துக்கம் கழிக்கப் போன இடம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபிறகு, அந்த வீட்டுப் பெண்ணின் உடன்பிறந்தவன் வந்து குடும்பத்தையே சினிமாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன படம் என்பது முக்கியமில்லை. பார்த்துவிட்டு, வெளியே ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்தால் துக்கம் கழிந்தது என்று கணக்கு. அதன்பிறகு வீட்டில் ரேடியோ போடலாம், கறி எடுக்கலாம், சத்தமாகச் சிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யார் கண்டுபிடித்த வழக்கமோ தெரியாது. கண்டுபிடித்தவன் வீட்டில் அப்போது எல்லாரும் நன்றாக இருந்திருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் என் அண்ணன் செத்துப்போனான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஐந்து. சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் வேலை. வீட்டில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. அண்ணன் பெரியவன், நான் நடுவுலவன், தம்பி சின்னவன். பெயரெல்லாம் பள்ளிக்கூட வாத்தியாருக்குத்தான்.

ஊரில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போகும். போன கையோடு அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "பெரியவனே, வெளக்கப் பொருத்துய்யா." கொல்லையில் இருந்தாலும் தெருவில் இருந்தாலும் அண்ணன், "இந்தா வாரேம்மா" என்பான். லாந்தர் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைப்பதும் அவன்தான். என்னைத் தொடவே விடமாட்டான். உடைத்துவிடுவேனாம். ஒரு தடவை உடைத்தேன், அது வேறு விஷயம்.

அம்மா அழவேண்டிய நாளெல்லாம் ஊர் கேட்க அழுதாள். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த அன்று வாயை மூடியவள், அப்புறம் திறக்கவில்லை. சோறு பொங்கினாள், போட்டாள், வேணுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அவ்வளவுதான். தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு கதை சொல்லச் சொன்னால் அவன் தலையைத் தடவுவாள், வார்த்தை வராது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பேசிப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் ஒரு காரியம் செய்தார். வெளிச்சம் இருக்கும்போதே லாந்தரை ஏற்றி நடுவீட்டில் தொங்கவிட்டுவிடுவார். பல்பு எரியும், அதற்குக் கீழே லாந்தரும் எரியும். மண்ணெண்ணெய் வீணாகிறதே என்று யாரும் கேட்கவில்லை. கரண்ட் போனாலும் வீடு இருட்டாகாது, அம்மா கூப்பிட வேண்டியிருக்காது. எனக்குப் புரிந்தது, நானும் கேட்கவில்லை.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. இழவுக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருத்தரும் என் தலையில் கையை வைத்து, "இனிமே நீதான்டா பெரியவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செத்தவன் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிடுகிற மாதிரி இருந்தது. அம்மா எப்போது என்னை அப்படிக் கூப்பிடப் போகிறாளோ என்று காத்திருந்தேன். கூப்பிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் பேசாமல் இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

எங்களைக் கூட்டிப்போக வந்தவர் அம்மாவின் தம்பி. மதுரையில் லாரி ஆபீசில் கிளார்க். வாய் ஓயாத மனுஷன். அக்காவை எப்படியாவது பேசவைத்துவிடுவேன் என்று ஊர்க்காரர்களிடம் சபதம் போடாத குறையாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், "எல்லாத் தியேட்டரு போஸ்டரையும் பாத்துட்டேன் மச்சான். எல்லாப் படத்துலயும் எவனாவது ஒருத்தன் செத்துத் தொலையிறான். அக்காவ எப்புடிக் கூட்டிட்டுப் போறது? அதான் வேற எடம் பாத்து வச்சிருக்கேன். சாவே கெடையாது, வெளையாட்டுதான்." அப்பா தலையை ஆட்டினார். எங்கே என்று கேட்கவில்லை. நிலாவுக்கு என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் புதிதாகத் திறந்திருந்த கடை அது. மாடியில் ஏ.சி. ஹால். குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று சன்னலையெல்லாம் பலகை வைத்து அடைத்து, மேலே தடித்த திரையும் போட்டிருந்தார்கள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியிலிருந்து உள்ளே வராது. சிவப்பு பச்சை லைட்டுகள், டொய்ங் டொய்ங் என்று சத்தம் போடும் மிஷின்கள், சுவரில் கார்ட்டூன் எலி. எலியை வரைந்தவன் அதற்கு மனுஷக் கண்ணை வைத்திருந்தான்.

கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனுக்குக் கொள்ளி வைத்த அன்று இறக்கிய முடி.

"பழனியா, திருப்பதியாண்ணே?"

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். "பழனி" என்றார்.

"முருகன் நல்லது செய்வான்" என்றபடி அவர் எங்களுக்கு வில்லைகளை எண்ணித் தந்தார். வில்லையைப் போட்டால்தான் மிஷின் ஓடும்.

நாங்கள் குஷியாக இருக்கவேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். தம்பியைத் தூக்கி ஆடும் குதிரையில் உட்காரவைத்தார். என்னை ஒரு வீடியோ கேம் முன்னால் நிறுத்தி, "அடிச்சு நொறுக்கு மாப்ள" என்றார். என்ன அடிப்பது, எதை நொறுக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு பொம்மை ஓடியது, எதிலோ மோதியது, விழுந்து மறைந்தது. எனக்குப் பின்னால் தன் முறைக்காக நின்ற பையன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அரும்பு மீசை, கையில் வாட்ச், டவுன் பையன்.

"ஒரு உயிருதான்டா போயிருக்கு. இன்னும் ரெண்டு உயிர் இருக்கு, ஆடு" என்றான்.

ஆடினேன். இரண்டும் போனது. சாவே கெடையாது என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்தது, சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கை குளிர்ந்து மரத்திருந்தது, மற்றதும் அப்படித்தான். அந்த ஹாலில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. எனக்கு அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. மிஷினை அவனுக்கு விட்டுவிட்டு மேசைக்குப் போனேன்.

அங்கே பிஸ்ஸா வந்திருந்தது. மாமா அப்படித்தான் சொன்னார், மதுரையிலேயே இங்கேதான் கிடைக்கும் என்றும் சொன்னார். ஊத்தப்பத்தை வேகாமல் எடுத்து அதன் தலையில் தக்காளிச் சாற்றைக் கொட்டினது மாதிரி ஒன்று. மேலே குடைமிளகாய், அதற்கும் மேலே வெள்ளையாக இழுபடும் ஏதோ. திரிந்த பால் வாடை அடித்தது. தம்பி ஒரு கடி கடித்துத் தட்டிலேயே துப்பினான். "தொட்டுக்கிற ஒண்ணும் தரமாட்டாங்களா?" என்று அப்பா கேட்டார். அன்று அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மாமாவின் கண் முழுக்க அம்மாமேல் இருந்தது. அவர் எடுத்துக்கொடுத்த புதுச் சேலை கஞ்சி முறுக்கில் அவள்மேல் ஒட்டாமல் நின்றது. வெளியே சாப்பிட்டால்தான் துக்கம் கழியும். "ஒரு வாய்க்கா, எனக்காகத் தின்னு" என்று கெஞ்சினார். அம்மா ஒரு துண்டை எடுத்தாள், கசாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடி விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். "எப்புடிக்கா இருக்கு?" அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள். மாமாவின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஏதோ ஆபீசில் கையெழுத்துப் போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். தம்பி குதிரைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்க, மாமா அவனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஒரே நொடியில் எல்லாச் சத்தமும் நின்றது. அப்படி ஒரு இருட்டை நான் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் வாசல் இருக்கும், வானம் இருக்கும். இங்கே பலகையும் திரையும்தான். பிள்ளைகள் கூச்சல் போட்டன. எங்கோ தம்பி குதிரையிலிருந்து அலறினான், மாமா யாரையோ திட்டினார். எனக்கு எதிரே அப்பா சட்டைப்பையைத் துழாவுவது கேட்டது. தீப்பெட்டி குலுங்கியது.

அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

"பெரியவனே, வெளக்கப் பொருத்துய்யா."

அடுப்படியிலிருந்து சொல்லும் அதே சாதாரணக் குரல். இத்தனை நாளாக வாய் மூடியிருந்தவளின் குரல் மாதிரியே இல்லை. தீப்பெட்டிச் சத்தம் நின்றுபோனது. என்னைத்தான் கூப்பிட்டாளா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, எனக்குத் தெரியும், என்னையில்லை.

"என்னம்மா? இந்தா வாரேன்."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு வாலிபக் குரல் பதில் சொன்னது. செருப்புச் சத்தம் எங்கள் மேசையைப் பார்த்து வந்தது. அம்மாவின் நாற்காலி கரகரவென்று பின்னால் நகர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள். செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது நிற்கவே கூடாது என்று இருந்தது எனக்கு.

கரண்ட் வந்தது. ஹால் முழுக்கக் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். எங்கள் மேசை முன்னால் அந்த வாட்ச் கட்டிய பையன் நின்றிருந்தான். அம்மா அவனுக்கு நேராக ஒரு கையை நீட்டியபடி நின்றாள். அப்பாவின் விரலில் கிழிக்காத தீக்குச்சி.

பையன் எங்களைப் பார்த்து அசடு வழிந்தான். "எங்கம்மா கூப்புடுறாங்கன்னு நெனச்சு வந்துட்டேன்" என்றான்.

அம்மா கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீயும் பெரியவனாய்யா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. எங்க வீட்டுல நாந்தான் மூத்தவன்."

"போய்யா. உங்கம்மா தேடும்."

அவன் ஹாலின் மறுகோடியில் இருந்த மேசைக்குப் போனான். அங்கே ஒரு அம்மாள் ஏதோ கேட்டார், அவன் எங்கள் பக்கம் கைகாட்டிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. சிரிக்காமல் வேறென்ன செய்வார்கள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. அம்மா உட்கார்ந்தாள். தட்டில் மீதியிருந்த பிஸ்ஸாவை எடுத்துப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். முழுவதையும் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

தம்பியோடு திரும்பிவந்த மாமா கடைசி வார்த்தைகளைத்தான் கேட்டிருந்தார். "அக்கா பேசிருச்சு மச்சான்! பாத்தீகளா, பேசிருச்சு!" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரிடம் பேசினாள், ஏன் பேசினாள் என்று அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பிஸ்ஸாவைத் தின்றதும் அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது என்று மாமா சாகும்வரை எங்கள் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தார். யாரும் அவர் சொன்னதை மறுக்கவில்லை. துக்கமும் கழிந்ததாகவே ஊர் எடுத்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மாமா என் தோளில் கைபோட்டார். "இனிமே நீதான் மாப்ள பெரியவன், அக்காவப் பாத்துக்க." அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இனி பேச ஆரம்பித்துவிட்டாள், இனிக் கூப்பிடுவாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல் லாந்தரை எடுத்தார். "இப்பவே எதுக்கு? கரண்ட் போனாப் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அப்பா அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நான் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன், ஒரு எழுத்தும் உள்ளே போகவில்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அணைந்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பாவும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

"நடுவுலவனே" என்றாள் அம்மா. "வெளக்கப் பொருத்துய்யா. கண்ணாடி பத்திரம்."

எழுந்து போய்ப் பொருத்தினேன். கண்ணாடியை உடைக்கவில்லை.

அதன்பிறகு எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள், அம்மா என்னைப் பெரியவன் என்று கூப்பிடவே இல்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி குழம்பிப்போய்க் கேட்டாள், "ரெண்டு பிள்ளைகதானே அத்தை, அப்பறம் எப்புடி இவரு நடுவுலவன்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு பிள்ளைக" என்றாள்.