காற்றில்லாத துறைமுகம்

இந்திரகுமார் மாத்தளை டவுனில் பொய்ப்பல் செய்கிறார். பத்தொன்பது வருடமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. என் அக்கா நிஷாந்தியின் கணவர். அவருடைய அறையில் என்னால் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. நான் ஆறு வருடம் பயணிகள் கப்பல்களில் துணி வெளுத்துவிட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எங்கே இருந்தாலும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் அதே பசையில் அவர் போர்க்கப்பல்களும் செய்வார். அவர்களுடைய மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது திருகோணமலைக்குப் போயிருக்கிறார்கள். மிதவைகளில் கட்டி நிறுத்திய நான்கு போர்க்கப்பல்களை ஒரு மேட்டிலிருந்து பார்த்தார். படம் எடுக்க விடவில்லை. நினைவில் இருந்ததைத்தான் இந்தத் தடவை கதவளவுப் பலகையில் துறைமுகமாக்கினார். போன வருடம் டவுனில் நடந்த கைவினைக் கண்காட்சியில், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற நடுவர், இவருடைய ஒற்றைக் கப்பலைப் பொம்மைகளின் மேசைக்கு மாற்றிவிட்டார். இந்த வருடம் மாதிரிகளின் வரிசையில் இடம் கிடைக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, பலகையைச் சுற்றிச் சுற்றி நடந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அத்தான், நாலு கப்பலும் நாலு பக்கம் பாக்குதே, சண்டையா?"

"நான் பாத்தப்ப அப்படித்தான் நின்னுச்சு."

"மூக்க மட்டும் கட்டுன கப்பல் காத்து வர்ற பக்கம் திரும்பிக்கும். உங்க கொடியெல்லாம் ஒரே பக்கம் பறக்குது, கப்பல் மட்டும் இஷ்டத்துக்கு நிக்குது. அந்த நடுவர் மனுசன் வாசல்லயே கண்டுபிடிச்சிருவாரு. பேத்து எடுங்க, நான் திருப்பி ஒட்டுறேன்."

கப்பல்கள் இறுகிப்போன கடலில் பதிந்திருந்தன. பல் ராவும் சின்ன மெஷினை எடுத்து முதல் கப்பலின் அருகே வைத்தார். கடலில் ஒரு கீறல் ஓடியது. உடனே நிறுத்திவிட்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கத்தினார்.

"நிஷா, அன்னைக்கு அந்த மேட்டுல காத்து அடிச்சுச்சா?"

"காத்தா? ஒரு எல ஆடல! புள்ள வேர்த்துக் கத்துது, நீங்க கப்பல எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க. செத்தாலும் மறப்பனா?"

காற்றும் நீரோட்டமும் இல்லாவிட்டால் கப்பல் எந்தப் பக்கமும் பார்த்துக் கிடக்கும். நானே எத்தனையோ துறைமுகங்களில் பார்த்ததுதான். தப்பு கப்பலில் இல்லை. அழகுக்காக விறைப்பாக ஒட்டிய கொடிகளில் இருந்தது.

கப்பல்களின் முன்னும் பின்னுமாக இருந்த எட்டுக் கொடிகளையும் பிடுங்கினார். பல் மெழுகை விளக்கில் காட்டி மெல்லிய தகடாக்கி, கம்பத்தோடு துவண்டு தொங்கவிட்டார். நான் நான்கு தடவை வெளியே போக எழுந்தேன்.

"கெளப்பிவிட்டது நீதானே? வெளக்கப் புடி" என்றார்.

மறுநாள் நடுவர் கப்பல்களைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு குனிந்து கொடிகளைப் பார்த்தார்.

"காற்றே இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தான் சாட்சியைக் காட்டுவதுபோல் அக்காவைக் காட்டினார். நடுவர் சிரித்துவிட்டு, மாதிரிகளின் வரிசையில் இரண்டாவது மேசையைக் கைகாட்டினார்.

பரிசு ஒரு ரயில் எஞ்சினுக்குப் போனது. அறிவித்தபோது அத்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடலில் ஓடிய கீறலைக் கையால் மறைத்துக்கொண்டு, அன்றைக்கு எவ்வளவு புழுக்கம் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.