பெருமாள் அடித்த கோல்

பெருமாளின் கோலை நான் திருடினேன். வாழ்நாளில் அவர் காற்பந்தில் அடித்தது அந்த ஒன்றுதான்.

எங்கள் தோட்டத்து ஒலிபரப்பு ‘ஸ்டேஷன்’ வரலாற்றை எழுது என்று பலர் கேட்டுவிட்டார்கள். எழுதினால் இதை விட்டுவிட்டு எழுத முடியாது. அதனால்தான் இத்தனை காலம் எழுதவில்லை.

ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மலாய் நாட்டில், ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார அரசு காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆபீசில் ஒரு மைக். வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. ஆபீஸ் கணக்கெழுதும் சின்னக் கிராணியான நான்தான் அறிவிப்பாளன். அரிசிப் பங்கீடு, ஊரடங்கு நேரம்... பிறகு என் சொந்தச் சரக்கு. யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கீரையை மேய்ந்தது என்பது வரைக்கும்! ஜனங்கள் காத்திருந்து கேட்டது அதைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரந்தாவ் திடலில் காற்பந்து இறுதி ஆட்டம். ஒரு லாரிக்குத்தான் அனுமதி கிடைத்தது. ஆட்டக்காரர்கள் போனார்கள், மற்றவர்கள் எல்லாரும் வேலிக்குள், ஒலிபெருக்கிக்குக் கீழே.

திடலுக்கு எதிரே ராவுத்தர் கடை. கடையில் தொலைபேசி. அவர் பார்த்துச் சொல்வார். நான் ஒரு காதில் வாங்கி மைக்கில் விடுவேன். அவர் ஒரு வரி சொன்னால் நான் பத்து வரி சொன்னேன்.

“ஒண்ணுக்கு ஒண்ணு, தம்பி! முடியப் போகுது... இருங்க, இருங்க, பந்து நம்மாளுங்ககிட்ட...”

அத்தோடு இணைப்பு செத்தது.

வெளியே ஒரே கூச்சல். “என்னா கிராணி, தூங்கிட்டியா? சொல்லு லா!”

ஜன்னல் வழியே பார்த்தேன். தோட்ட வேலையை மேய்க்கும் மண்டோர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகள் வள்ளி, கண்ணை மூடிக்கொண்டு.

யாருக்காக என்று தோட்டத்துக்கே தெரியும். சுப்பையா. எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். மேல் டிவிஷன் லயத்தைக் கலைத்து, அங்கிருந்தவர்களை எங்கள் வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்தபோது வந்தவன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மண்டோர்தான், “நேத்து வந்து எறங்குனவனுக்கு எம்பொண்ணா?” என்று மறித்துக்கொண்டிருந்தார்.

“சுப்பையா... சுப்பையா... கோல்!” என்றேன்.

ஏன் அந்தப் பெயர்? இரக்கமா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை! எந்தப் பெயரைச் சொன்னால் கூட்டம் துள்ளும் என்று என் நாக்குக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. பிற்காலத்தில் பத்திரிகையில் ஒவ்வொரு பெயரையும் இரண்டு பேரிடம் கேட்ட பிறகே எழுதியவன் நான்...

வேலிக்குள் அப்படியொரு கொண்டாட்டத்தை நான் பார்த்ததில்லை. தப்பு முழங்கியது. காவலுக்கு நின்ற மலாய்க்காரரையும் இழுத்துவந்து ஆடவிட்டார்கள். சிரிக்கவே தெரியாத மண்டோர் பெஞ்சில் ஏறினார். “இனிமே அவன் நம்ம தோட்டத்துப் புள்ள! தை மாசம் கல்யாணம். எல்லாரும் வந்துருங்க!”

நான் தொலைபேசியை மறுபடி சுழற்றினேன், இணைப்பு வரவில்லை. ஆட்டம் தோற்றிருந்தால்?

லாரி வந்தது. கோப்பையோடு! இரண்டுக்கு ஒன்று. நான் கட்டிவிட்டது நிஜமாகியிருந்தது. மண்டோர் கோயில் மாலையைக் கொண்டுபோய் சுப்பையாவின் கழுத்தில் போட்டார்.

“ஐயா, நான் அடிக்கலை...” என்று அவன் ஆரம்பித்தான்.

பக்கத்தில் நின்றவர் பெருமாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். ஆட்டத்தில் எப்போதும் எங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று தடுப்பவர். பந்தோடு எதிர்ப்பக்கம் ஓடியதே அன்றைக்குத்தானாம். அவர் மாலையைப் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார். வள்ளியைப் பார்த்தார். பிறகு சுப்பையாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“வெக்கப்படுறான் பாரு! இவன்தான்யா அடிச்சான்!”

மற்ற ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுப்பையாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டினார். “கிராணி, அது எங்கோலு. பத்திரமா வெச்சிரு, என்னா?” என்ன சிரிப்பு அது...!

தை மாதம் கல்யாணம் நடந்தது. மைக்கில் நானேதான் அறிவித்தேன். பந்தியில் பெருமாள் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அஞ்சலையும் அன்று ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவர்தான். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொல்வார்: “எங்க வீட்டுக்காரரும்தான் பந்து ஆடுனாரு, ஒரு கோலு உண்டா? சுப்பையாவைப் பாருங்க!” பெருமாள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நான் காப்பியைக் குடிப்பேன்.

மண்டோர் போய்விட்டார். பெருமாளும் போய்விட்டார். வள்ளியும் சுப்பையாவும் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். இனிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. சொல்ல வேண்டியதும் ஒரே ஒருவரிடம்தான்.

அஞ்சலை இப்போது அம்பாங்கானில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் அதற்காகவே போனேன். சுவரில் பெருமாள் படம், மாலையோடு.

“தங்கமான மனுஷன், கிராணி. ஒரு கோலு அடிக்கத்தான் தெரியலை!” கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

நானும் சிரித்தேன். காப்பியைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது... அது எனக்குத் தெரியும்.