பரவாயில்லை என்ற சொல்

எங்கள் நப்லா மருத்துவ பீடத்துக்குப் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் கஹவத்தைக் கடைவீதிக்கு அவள் டொக்டராகிவிட்டாள். எல்லாம் அவளுடைய வாப்பா, என் மச்சான் முக்தார் செய்த வேலை. புடவைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது ஒருவர் முழங்காலைக் காட்டுகிறார், இன்னொருவர் சீனி வருத்தத்துக்கு என்ன குடிக்கலாம் என்கிறார். பிள்ளை கை எலும்புகளின் பெயரையே இன்னும் பாடமாக்கி முடிக்கவில்லை. நான் அவளுடைய சாச்சி, சின்னம்மா முறை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். வாயை மூடுங்கள் மச்சான் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே.

புதன்கிழமை புதுப் பிள்ளைகளை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பார்க்க மட்டும்தான், எதையும் தொடக்கூடாது. அங்கே ஒரு கட்டிலில் கோகிலா என்றொரு பெண். ஹட்டன் பக்கத்திலிருந்து இங்கே ஒரு றப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். றப்பர் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தாள். அவளுக்குச் சிங்களம் வராது. மாமியார் மருதாயிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் டொக்டர் வரும் நேரமென்று அவளை வெளியே நிறுத்தியிருந்தார்கள். தமிழ் தெரிந்தவர் யார் என்று டொக்டர் கேட்டார். நப்லா கையை உயர்த்தினாள்.

எங்கே வலி, எப்படி விழுந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு டொக்டர், இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேள் என்றார். பக்கத்தில் கூடப் படிக்கும் பையன்கள் நின்றார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவோம். நப்லாவுக்கு நாக்கு எழும்பவில்லை.

"வேற ஏதும் சொல்ல இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

கோகிலாவும் அந்தப் பையன்களைப் பார்த்திருப்பாள். குரலைத் தாழ்த்தி, "முழுகாம இருக்கேங்க" என்றாள்.

தோட்டத்து ஆட்கள் வயிற்றில் பிள்ளை இருப்பதை அப்படிச் சொல்வார்கள். நாங்கள் 'புள்ள உண்டாகியிருக்கு' என்போம். நப்லாவோ சின்னதிலிருந்து டியூஷனே கதியென்று கிடந்தவள், வாப்பாவின் கடையில் ஒரு நாள் நின்று நாலு பேரோடு பேசியவளில்லை. குளிக்காமல் வந்ததற்கு இந்த அக்கா வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள். டொக்டரிடம், அப்படியொன்றும் இல்லையாம் என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில்! பிறகு அவள் சொல்லக் கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டாளா? கோகிலாவின் கையைப் பிடித்து, "அது பரவாயில்ல அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

"நெசமாவாங்க?"

"நெசமாத்தான்."

கோகிலாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் தேத்தண்ணி குடிக்கப் போக, நப்லாவுக்கு மட்டும் அந்த 'நெசமாவாங்க' மனதை அரித்தது. குளிக்காததற்கு யாராவது இவ்வளவு பயந்து கேட்பார்களா? வார்டு வாசலில் நின்ற மருதாயியிடம், உங்கள் மருமகள் முழுகவில்லையென்று வெட்கப்பட்டாள், நான் ஆறுதல் சொல்லிவிட்டேன் என்றாள்.

மருதாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குளிச்சிட்டுத்தாம்மா வேலைக்குப் போனா. முழுகாம இருக்கான்னா வயித்துல புள்ளம்மா. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துக்குப் பொறவு இப்பதான் தங்கியிருக்கு."

யா அல்லாஹ் என்று நப்லா ஓடினாள். எக்ஸ்ரே அறை கீழ் மாடியில். படியில் ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கும்போது, மூடிய அறைக்குள் அந்தப் பெண் தன் சொல்லை நம்பிப் பயமில்லாமல் படுத்திருப்பாள் என்பதுதான் அவளை உலுக்கியதாம். கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே இருந்தவர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே திறந்தார். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, நான்தான் பிழையாகச் சொன்னேன், எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் ஏசுவதை நிறுத்தினார். இன்னும் இல்லை என்றார்.

டொக்டர் வந்தார். கத்தவில்லை. நான் சொன்ன கேள்வியை இப்போது கேள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன்களும் வந்துவிட்டார்கள். நப்லா சத்தமாக, சொல்லுக்குச் சொல் கேட்டாள். மூன்று மாதம் என்றாள் கோகிலா. விழுந்ததால் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

நப்லா கோகிலாவிடம் எதையும் மறைக்கவில்லை. "நான் பிழையா வெளங்கிட்டேன் அக்கா. டொக்டர் கேக்கச் சொன்னதக் கேக்கவும் இல்ல. பரவாயில்லன்னு சொன்னது நானாச் சொன்னது."

ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடித்தது. அல்ஹம்துலில்லாஹ். அன்று பின்னேரம் பஸ்ஸில் வந்திறங்கியவள் சோறு தொடவில்லை. வாப்பா கடையிலிருந்து யாரையோ அனுப்பியிருந்தார், மகளிடம் இருமலைக் காட்டட்டுமென்று. வந்தவரை நானே திருப்பி அனுப்பினேன். போனால் போகிறது, பிள்ளை தப்பிவிட்டதே, கோகிலா ஏசினாளா என்று கேட்டேன்.

"ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேன் சாச்சி" என்றாள் நப்லா. "எல்லாத்தையும் கேட்டுட்டு, ஸ்கேனுக்குப் போகவான்னு என்னயத்தான் கேட்டா. நீங்க சொன்னாப் போறேன்னு சொன்னா."