ஆற்றுக்கு மேலே வந்த பறவைகள்

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் உப்புக்காற்றுக்குத் தப்பிய பொருள் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜின் கால் துருப்பிடித்தது, யன்னல் கொளுக்கி கையோடு வந்தது. கடலைப் பார்த்த அந்த யன்னலுக்கு எதிர்ச் சுவரில்தான் என் கணவர் தன் ஆற்றங்கரையைக் கொண்டுவந்து மாட்டினார். ஏலத்தில் எடுத்த பழைய நீர்வண்ண ஓவியம். நவீன ஓவியம் இங்கே தலைகாட்டத் தொடங்கிய காலத்தில் யாரோ வரைந்ததாம், கையெழுத்துக்கூட இல்லை. பச்சையில் நாலைந்து தீற்றல், அது கரை. மேலே மங்கலாக ஒரு நீலம். நடுவில் வெறும் தாள்.

ஆறு எங்கே என்று கேட்டேன். நிறம் பூசாமல் விட்ட இடம்தான் ஆறு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் தாள் வாங்க ஏலத்துக்குப் போக வேண்டுமா என்று ஒரு கிழமை புறுபுறுத்தேன்.

ஆனால் பின்னேரங்களில் கடலில் பட்ட வெயில் அறைக்குள் வந்து அந்தத் தாளில் அசையும். அப்போது ஆறு ஓடும். கீழே தண்டவாளத்தில் கோச்சி கடக்கும்போது கரையும் மெல்ல நடுங்கும். தேத்தண்ணீர் ஆறிப்போவது தெரியாமல் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு அவர் நோயில் விழுந்தார். அந்த அறையே உலகமாகிப் போனது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், ஆத்துக்கு மேலை ஒரு பறவை வந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். மண்நிறத்தில் சின்னப் புள்ளி. பூஞ்சணம். கொஞ்ச நாளில் இன்னொன்று வந்தது, பிறகு ஒரு கூட்டமே வந்தது. எங்கே போகுதுகள் என்று கேட்டால், போகவில்லை, வீட்டுக்குத் திரும்புதுகள் என்பார். கடைசி நாட்களில் அவர் கதைத்ததெல்லாம் அதுகளைப் பற்றித்தான்.

அவர் போன பிறகு, படத்தையாவது காப்பாற்றுங்கோ என்று மகள் விடாப்பிடியாய் நின்றாள். கொட்டாஞ்சேனையில் பழைய படங்களைத் திருத்தும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோனேன். புள்ளிகளை எடுத்துவிடலாம், விட்டால் தாளையே தின்றுவிடும் என்றாள் அவள். அவள் தூரிகையைக் கையில் எடுத்ததும் நான் எட்டி அந்தக் கையைப் பிடித்தேன்.

"மற்றதுகளை எடும் பிள்ளை," என்றேன். "முதல் வந்ததை மட்டும் விடும்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்டை விட்டா மற்றதுகளும் திரும்பி வரும், அன்ரி."

"வரட்டும் பிள்ளை. அதுக்குத்தானே விடச் சொல்லுறன்."