கொய்யா மரத்துப் பூச்சியும் மானாப்புல் பூச்சியும்

உருவத்தை மறைத்துப் பிழைக்கும் இரண்டு பூச்சிகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். இரண்டும் தாவரம் தின்பவை, வாழும் இடம் மட்டும் வேறு. என் பதினொரு வயது மகளுக்குப் பாடசாலையில் கொடுத்த வேலை இது. ஒன்று மஹய்யாவவில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்திலேயே இருந்தது. இலைப்பூச்சி. ஊதினால் இலையோடு சேர்ந்து ஆடும். மற்றதைத் தேடி ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை மலைக்குப் போனோம். மானாப்புல்லில் குச்சிப்பூச்சி இருந்தது. முன்கால்களை நீட்டிக் காய்ந்த தண்டாகிவிடும். ஊதினாலும் அசையாது. அவள் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

எனக்கு மூச்சு வாங்கியதால் பாறையில் உட்கார்ந்தேன். இன்னொன்று தேடி அவள் மேலே ஏறினாள். மூடுபனி இறங்கியது. கூப்பிட்டேன், காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவறான பக்கம் ஏறித் தொண்டை கட்டிக் குரலே எழாமல் போகும்வரை கத்திவிட்டு, கீழே வீடுகளுக்கு ஓடினேன். நான்கு சிங்கள இளைஞர்கள் வந்தார்கள். “நங்கி, நங்கி” என்று, சொந்தத் தங்கையைக் கூப்பிடுவதுபோல் மலை முழுக்கக் கூப்பிட்டார்கள். மூன்று மணிநேரம். மழையும் பிடித்தது. ஒருவர் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்.

மூட்டம் விலகியபோது நான்தான் கண்டேன். பாதையிலிருந்து பத்தடி இருக்காது. காய்ந்த புல்லின் நிறத்தில் சுவெட்டர். முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். உதடு நீலம். காலெல்லாம் அட்டை, ஒன்றைக்கூடப் பிடுங்கியிருக்கவில்லை.

“கூப்பிட்டது கேக்கலையாம்மா?”

“கேட்டுச்சுப்பா. தெரியாதவங்க சிங்களத்துல கூப்பிட்டா அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

சொன்னேன்தான். தமிழர்களைத் தேடித் தாக்கிய கலவரத்தின்போது எனக்கு ஏழு வயது. அப்பா என் வாயைப் பொத்தி, ஒரு பகல் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கடியில் கிடத்தியிருந்தார். பிழைத்தோம். சோறூட்டும்போதே அதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்த இளைஞர்களில் ஒருவர் தன் ஜக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பயந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

காய்ச்சல் விட நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் அவள் கட்டிலில் சாய்ந்து ஒப்பீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். வழி தவறினால் இனி யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

பென்சிலை வைத்துவிட்டு, “எந்தப் பாஷையில கூப்பிட்டாலுமா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் அதையும் கவனித்தாள்.