ஸுஹைரின் வலக்கை

மூதூரில் ஸுஹைரைக் கண்டால் அருவருப்பு என்று சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் இறங்குதுறை கொள்ளாது. எனக்கு அருவருப்பு அந்த வரிசையின் மேல்தான். நானும் அதில் நின்றவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

அவன் மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடிய லோஞ்சுப் படகில் கயிறு கட்டுகிறவன். பெரிய வாய்க்காரன். கலியாண வீடானாலும் பள்ளிவாசல் கந்தூரியானாலும் நாங்கள் ஆறு கூட்டாளிகள் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவோம். ஒரு பெரிய தட்டு, நடுவில் குவித்த சோறு, ஆறு வலக்கைகள். எங்கள் ஊரில் ஒருவனை மனிதனாக எண்ணுவது அந்தத் தட்டில்தான். இறைச்சியைப் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளுவது ஸுஹைரின் வேலை.

எழுபத்திரண்டாம் ஆண்டு அவனுக்குப் புத்தி பேதலிக்கும் வருத்தம் வந்தது. கடலுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாகக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். கொழும்பு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் வைத்திருந்து, விழுங்குவதற்குக் குளிசை மாத்திரைகளோடு அனுப்பினார்கள். ஏச்சு நின்றுவிட்டது. ஆனால் குளிசையால் கை நடுங்கியது, கடைவாயில் எச்சில் வடிந்தது.

அதன்பின் வந்த முதல் கலியாணத்தில், அவன் கை கழுவி வருவதற்குள் நாங்கள் ஐந்து பேரும் வழியால் போன ஒருவரை இழுத்து இருத்திவிட்டோம். ஸுஹைருக்கு வேலிப் பக்கமாகத் தனிப் பீங்கானில் சோறு கொடுத்தார்கள். பாதி மடியில் சிந்தியது. "எச்சி வடிஞ்சா நம்மட சோத்துலதான் விழும், மச்சான்," என்றான் ஜவாஹிர். நாங்கள் சிரித்தோம். சீ, நாங்களும் மனிதர்களா!

அவன் மனைவி றஹ்மா மாதா மாதம் அவனைத் திருகோணமலைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவாள். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். டாக்குத்தர் குணரத்தினம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது. ஆனா குளிசை மட்டும் காணாது. கூட்டாளிமார் நீங்கள் அவரோட இருந்து கதைக்க வேணும், ஒண்டாச் சாப்பிட வேணும்."

"ஓம் டாக்குத்தர், ஓம்," என்றேன். சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

அடுத்த கந்தூரிக்கு ஸுஹைர் நேராக எங்களிடம் வந்து குந்தினான். "பாருங்கடா," என்று வலக்கையை நீட்டினான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நகம் காட்டுவதைப் போல. கை நடுங்கவில்லை. இடம் விட்டோம். இறைச்சியைப் பிய்த்து ஜவாஹிரின் பக்கமும் தள்ளினான். ஸுஹைருக்குச் சுகம் வந்துவிட்டதென்று ஊரே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சிக்காக நாங்கள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டிருக்கவில்லை.

கந்தூரி கழிந்த மூன்றாம் வாரம் அவன் கடலைப் பார்த்துத் திருப்பி ஏசத் தொடங்கினான். றஹ்மா தலையணை உறையைக் கழற்றியபோது, அவள் தினமும் கொடுத்த குளிசைகள் பொலபொலவென்று கொட்டின. கை நடுங்காமல் எங்களோடு உட்கார வேண்டும் என்பதற்காக, கந்தூரிக்கு இரண்டு கிழமை முன்பிருந்தே அவன் ஒன்றையும் விழுங்கவில்லை. மருந்தை விட்டவனுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் அவனைக் கைகழுவியது.

மறுபடியும் அவனைக் கொழும்புக்கு அனுப்பும் நாளில் இறங்குதுறைக்குப் போனேன். இரண்டு பேர் அவனைப் பிடித்து லோஞ்சில் இருத்தியிருந்தார்கள். சும்மா நின்றிருக்கலாம். நான் புத்தி சொன்னேன்.

"தங்கச்சி, இனிக் குளிசைய நீங்களே வாய்க்குள்ள போட்டு, விழுங்குறாரா எண்டு பாருங்க."

றஹ்மா முக்காட்டை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குளிசை போட்டா நீங்க அவரச் சேக்க மாட்டீங்க, லாபிர் காக்கா. போடாட்டி கடல் அவர ஏசுது. நான் எதக் குடுக்க? நீங்களே சொல்லுங்க."

நடுங்கினால் நடுங்கட்டும், நான் அவன் பக்கத்தில் உட்காருகிறேன் என்ற ஒரு பேச்சைத்தான் அவள் கேட்டாள்.

"நேரமாகுது, ஏறுங்க," என்றேன்.